பிரதம விருந்தினர் வயலின் வாசிப்பதில்லை

1

போலந்தின் லூப்ளின் நகரத்தில் நான் வயலின் கற்பிக்கும் இசைப்பள்ளியின் படிக்கட்டில், போன கிழமை ஹலினா என்னை மறித்துக்கொண்டார். ஹலினா எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியை. நிலத்தில் சம்மணமிட்டு வயலின் வாசித்துப் பழகி, முப்பது வயதில் கைக்குழந்தையோடு தன்னிடம் வந்த ஒருத்தியை நிமிர்த்தி நிற்கவைத்து, நாடியின் கீழ் வயலினைச் செருகி, முதலிலிருந்து பழக்கியெடுத்தவர். அந்த ஒருத்தி நான்தான்.

"பானி சுகந்தி," என்றார். இங்கே பெண்களை மரியாதையாகக் கூப்பிடும்போது பெயருக்கு முன்னால் 'பானி' சேர்ப்பார்கள். "உங்கள் தோழி வாசித்த காணொளியைப் பார்த்தேன். அந்தக் குயாவியாக்கை எங்கள் கிராமத்து ஆள் வாசித்தது போல இருந்தது. அவர் எங்கே படித்தவர்?"

குயாவியாக் என்பது போலந்துக் கிராமங்களில் ஆட்டத்துக்கு வாசிக்கும் மெட்டு வகை. மூன்று தட்டில் மெதுவாக அசைந்து போகும்.

"அதை அவளுக்கு நான்தான் பழக்கினேன்," என்றேன்.

"அப்படியா," என்று ஹலினா என்னை ஒருமாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எனக்கு அர்த்தம் தெரியும். இத்தனை வருடமாக என் வாசிப்பைப் பற்றி அவர் சொல்லிவருவது ஒரே விஷயம்தான். "எல்லாம் சரியாக இருக்கிறது சுகந்தி. ஆனால் எங்களுடையதாக இல்லை."

அன்று முழுக்க எனக்கு வயிறு எரிந்தது. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருந்து எழுதுகிறவர்கள் குளிரைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் எழுதுவார்கள். குளிர் எனக்குப் பழகிவிட்டது. தனிமைக்கு நேரமில்லை. நான் எழுதப்போவது பொறாமையைப் பற்றி. விசுவமடுவில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடச் சங்கீத ரீச்சர் மீது எனக்கிருக்கும் பொறாமையைப் பற்றி.

2

என் கணவர் ஜேர்மனிக்குப் போகவென்று புறப்பட்டு, ரஷ்யா வழியாக வந்து, போலந்து எல்லையில் பிடிபட்டு, பிறகு இங்கேயே தங்கிவிட்டவர். எங்கள் வீட்டில் ஜேர்மனி மாப்பிள்ளை என்றுதான் கதை தொடங்கியது. நான் வந்து இறங்கிய நாடு போலந்தாக இருந்தது. அவர் ஓர் உணவகத்தில் சமைக்கிறார். நான் சிறுவர்களுக்கு வயலின் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். பள்ளியின் ஆண்டு நிகழ்ச்சிகளில் என்னை எப்போதும் இரண்டாம் வயலின் வரிசையில் நிறுத்துவார்கள்.

எங்களுக்கு ஒரே மகள், ஆரணி. பதினேழு வயது. எட்டு வயதிலேயே வதிவிட அனுமதி அலுவலகத்தில் எனக்கு மொழிபெயர்த்தவள். போலந்து மொழியில் ஒரு பெயர்ச்சொல் நிற்கும் இடத்தைப் பொறுத்து வால் மாறும். நான் பிழையான வாலை ஒட்டியதும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அலுவலர் முகத்தைச் சுளிப்பார். ஆரணி மெல்லத் திருத்துவாள். பிறகு அலுவலர் என்னை விட்டுவிட்டு என் தலைக்கு மேலால் அவளோடு பேசுவார். பெற்ற பிள்ளை எனக்குப் பாதுகாவலராகிவிட்ட மாதிரி இருக்கும்.

வயலின் மட்டும்தான் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய விஷயமாக இருந்தது. ஆறு வயதில் தொடங்கினோம். பன்னிரண்டு வயதில் அவள் வயலின் பெட்டியைப் பூட்டி அலுமாரிக்கு மேல் வைத்தாள். "நீங்கள் வீட்டிலும் ரீச்சராகவே இருக்கிறீர்கள்," என்று போலந்து மொழியில் சொன்னாள். என்னிடம் முக்கியமானதைச் சொல்லும்போது அவள் அந்த மொழிக்குத்தான் போவாள். அதன்பிறகு நாங்கள் சேர்ந்து வாசிக்கவில்லை.

போன வருடம், போலந்து வயலின் இசையைப் பிற நாட்டு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அறிமுகம் செய்யும் பயிலரங்குகளுக்கு இங்குள்ள கலாசார அலுவலகம் ஒன்று உதவி தருவதாக அறிந்தேன். விண்ணப்பித்தேன். இலங்கை எங்கே இருக்கிறது என்று விளக்கி ஒரு கடிதம் கேட்டார்கள். வன்னி இலங்கையில் எங்கே இருக்கிறது என்று விளக்கி இன்னொரு கடிதம் கேட்டார்கள். போலந்து இசை அங்கே ஏன் தேவை என்று கேட்டதற்குப் பண்பாட்டுப் பரிமாற்றம் என்று எழுதினேன். நான் எழுதாத காரணம், உதவியாளர் என்ற இடத்தில் ஆரணியின் பெயரைப் போட்டதில் இருந்தது. பயிலரங்கின் கடைசி நாளில், என் சனத்துக்கு முன்னால், அவளும் நானும் சேர்ந்து ஒரு குயாவியாக் வாசிக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பயிலரங்கு முடிந்ததும் நிலாவெளிக் கடலுக்குக் கூட்டிப்போவதாக ஒப்புக்கொண்ட பிறகு, ஆரணி பெட்டியை அலுமாரியில் இருந்து இறக்கினாள்.

3

ஓகஸ்ட் விடுமுறையில், வன்னியின் விசுவமடுவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பயிலரங்கு நடந்தது. ஒழுங்குசெய்தவள் தவமலர். அந்தப் பள்ளிக்கூடத்தின் சங்கீத ரீச்சர். யாழ்ப்பாணத்தில் நானும் அவளும் ஒரே வகுப்பில் இசை படித்தோம், ஒரே அறையில் தங்கினோம். பரீட்சையில் நான் முதலாவது, அவள் இரண்டாவது. அதை அவள் மறந்திருப்பாள். நான் மறக்கவில்லை.

மாணவர்கள் ஒரு மண்டபம் நிறைய வந்திருந்தார்கள். கனகராயன்குளம், முல்லைத்தீவுப் பக்கங்களில் இருந்து ஆசிரியர்களும் வந்தார்கள். ஒட்டுசுட்டானில் இருந்து வந்த இரண்டு ரீச்சர்மாரும் யானைக்குப் பயந்து பின்னேரம் வெள்ளனவே பஸ் ஏறிவிடுவார்கள். பிள்ளைகள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, வயலினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுப் பாயில் அமர்ந்தார்கள்.

"எல்லாரும் எழும்புங்கோ," என்றேன். "போலந்து வயலின் நிண்டுதான் வாசிக்கிறது."

எழும்பினார்கள். நாடியின் கீழ் வயலின் நிற்கவில்லை. ஒரு பிள்ளை இரண்டு கையாலும் வயலினைப் பிடித்துக்கொண்டு, வில்லை என்ன செய்வதென்று தெரியாமல் கக்கத்தில் செருகியது. முல்லைத்தீவுக் கரையில் தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிக்கும் ஓர் ஆசிரியர் மட்டும் நிம்மதியாக நின்றார்.

தவமலர் என் அருகில் வந்தாள். "சுகந்தி, பிள்ளையளுக்கு உது விழாமல் பிடிக்கிறதே பெரிய பாடாய்க் கிடக்கு. பாட்டு எப்ப வாறது?"

"அலுவலகத்துக்குப் படம் அனுப்ப வேணும். இருந்துகொண்டு வாசிச்சால் இது என்ன போலந்து வயலின் எண்டு கேப்பாங்கள்."

"அப்ப படத்துக்கு நிக்கட்டும். வாசிக்கேக்க இருக்கட்டும்."

அப்படியே நடந்தது. படத்தில் எல்லோரும் நிற்கிறார்கள். படம் எடுத்து முடிந்ததும் எல்லோரும் பெருமூச்சு விட்டுக்கொண்டு பாயில் அமர்ந்தார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் தாளத்தில் வந்தது. போலந்து மெட்டுகளில் மூன்று தட்டு உண்டு, ஆனால் பாரம் முதல் தட்டில் விழாது. இரண்டாவதிலோ மூன்றாவதிலோ போய் விழும். அந்த ஆட்டம் முழுக்க அதில்தான் இருக்கிறது. நான் கரும்பலகையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி மூன்றைச் சுற்றி வட்டம் போட்டேன். லூப்ளினில் இருந்து கொண்டுபோன தாளக் கருவியைத் தட்டவிட்டேன். பிள்ளைகள் சொன்னதைக் கேட்டு, தலையாட்டி, முதல் தட்டில் ஓங்கி அழுத்தினார்கள். கை தொடையில் விழும் இடத்தில்தான் பாரம் என்று சிறு வயதில் இருந்து பழகியவர்கள் வேறென்ன செய்வார்கள். இரண்டு நாள் இப்படியே போனது.

மூன்றாம் நாள் தேத்தண்ணி நேரத்தில் தவமலர் கேட்டாள். "எடுப்புத் தள்ளி வாற பாட்டைப் போலத்தானே இதுவும்?"

நம் பாட்டுகள் சிலவற்றில் தாளம் தொடங்கிய பிறகு, கொஞ்சம் தள்ளித்தான் பாட்டு எடுக்கும். அதற்குத்தான் எடுப்பு என்று பெயர். நான் பதில் சொல்ல முதல் அவள் பிள்ளைகளிடம் போய்விட்டாள். வயலினைக் கீழே வைக்கச் சொன்னாள். மெட்டைச் சுரமாக்கிப் பாடச் சொன்னாள். "தட்டு கையோட இருக்கட்டும். பாரத்தைக் கொஞ்சம் பிந்திப் போடுங்கோ. அவசரப்படாதேங்கோ, அது எங்கயும் ஓடாது." பாடினார்கள். சிரித்தார்கள். திரும்பப் பாடினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மண்டபம் முழுக்க மூன்றாம் தட்டில் அசைந்துகொண்டிருந்தது.

எடுப்பு எனக்கும் தெரிந்ததுதான். இரண்டு பேரும் ஒரே வகுப்பில்தான் படித்தோம். ஆனால் போலந்துக்கு வந்த பிறகு, ஊரில் படித்ததை வெளியே காட்டினால் ஹலினா மறுபடியும் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார் என்ற பயத்தில், நான் அதைப் பூட்டி வைத்திருந்தேன். பூட்டிய இடத்தில் நானே தேடவில்லை.

அன்று பின்னேரம் தவமலர் தனியாக அந்தக் குயாவியாக்கை வாசித்துப் பார்த்தாள். பாயில் இருந்து, வயலின் தலையைக் காலில் ஊன்றி. ஓரிடத்தில் விரல் தேவைக்கு மேல் வழுக்கியது. ஒரு சுரம் பிசகியது. நான் அந்தப் பிசகுகளைக் கவனமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் மிச்சமெல்லாம் ஹலினா பதினேழு வருடமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆரணிதான் அதைத் தன் தொலைபேசியில் படம்பிடித்து இணையத்தில் போட்டாள். ஹலினா பார்த்தது அந்தப் படத்தைத்தான்.

தவமலர் எல்லாக் காலத்திலும் அங்கேயே இருந்தவள். போரில் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்து, பத்திரமாகக் கிடைத்த இரண்டு வயலினோடு வகுப்புத் தொடங்கியவள். அந்த நேரம் நான் லூப்ளினில் அறையைச் சூடாக்கும் கருவிக்குப் பக்கத்தில் இருந்து வில் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். அவள் மீது பொறாமைப்படலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டேன். கேட்ட பிறகும் எரிந்தது.

4

முதல் இரண்டு நாளும் ஆரணி கடைசி வரிசை வாங்கில் அமர்ந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாளுக்குப் பிறகு அவளைப் பாயில் கண்டேன், தவமலருக்குப் பக்கத்தில். கால் மரத்துப்போனால் நீட்டுவாள், திரும்ப மடிப்பாள்.

"ரீச்சர், எனக்கு இந்தப் பாட்டில விருப்பம் வந்து கொண்டு இருக்கு," என்றாள் ஒருநாள். பிள்ளைகள் வாய்பொத்திச் சிரித்தார்கள். ஒருத்தியும் திருத்தவில்லை. மறுநாள் அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் எதிலாவது விருப்பம் வந்துகொண்டு இருந்தது. வடையில் வந்துகொண்டு இருந்தது, விளையாட்டில் வந்துகொண்டு இருந்தது. ஆரணியும் சேர்ந்து சிரித்தாள். என் பிழைகளுக்குப் போலந்தில் ஒருவரும் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை என்று நினைத்தேன். பெற்ற பிள்ளையின் பிழை மீதும் பொறாமைப்பட முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

இரண்டு வயலினில் குயாவியாக் வாசிக்கும்போது ஒன்று மெட்டைக் கொண்டுபோகும், மற்றது அடியில் மூன்று தட்டையும் போட்டுக்கொண்டு தாங்கும். என்னோடு வாசித்த காலமெல்லாம் நான் மெட்டு, ஆரணி அடி. அதுதான் இயல்பு என்று நினைத்திருந்தேன். தவமலர் அதை மாற்றிவிட்டாள். கச்சேரியில் பாடுகிறவருக்குப் பக்கவாத்தியமாக வாசித்துப் பழகியவள் அவள். பாடுகிறவர் எங்கே இழுப்பார், எங்கே மூச்செடுப்பார் என்று பார்த்துக்கொண்டே போகும் வாசிப்பு. ஆரணியை முன்னுக்குப் போகவிட்டு, அவளுடைய தோள் அசைவதைப் பார்த்து, அடியைப் போட்டாள்.

ஆரணி ஒரு சுரத்தை நீட்டினாள். அப்படி நீட்டுவாள் என்று எனக்குத் தெரியாது. தவமலர் காத்திருந்தாள்.

பின்னேரம் தவமலரின் குசினிக்குப் போனேன். அவள் துருவலையில் அமர்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"கடைசி நாள் ஆரணியோட நான்தான் வாசிக்கிறது எண்டு முதலே சொன்னனான்," என்றேன்.

"ஓம், சொன்னனீர். நான் ஒண்டும் மாத்தேல்லையே."

"பிறகேன் அவளை முன்னுக்கு விடுறீர்?"

"போவாள் போல கிடந்தது. விட்டுப் பாத்தன். போறாள்."

"என்னோட அவள் அப்பிடி வாசிக்கிறேல்ல."

தவமலர் தேங்காய்ப் பாதியைத் திருப்பிப் பிடித்தாள். "நீர் விடுறேல்ல சுகந்தி. அந்த நாளும் அப்பிடித்தான். ஆரோட வாசிச்சாலும் முந்திப்போடுவீர். உமக்குப் பின்னால வந்து வந்துதான் நான் பின்னால வாசிக்கப் பழகினனான்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு எழும்பியிருப்பேன்.

"உமக்கு என்னில எரிச்சல் வந்ததில்லையோ?" என்று கேட்டேன். ஓம் என்று சொல்வாள் என்ற ஆசையில்தான் கேட்டேன்.

யோசித்தாள். "வந்தது. நீர் வெளிக்கிட்டுப் போகேக்க வந்தது. பிறகு இங்க எரிச்சல்பட எங்க நேரம் கிடந்தது." கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். "இதைப் பிழியும்."

பால் பிழிந்து கொடுத்துவிட்டு வந்தேன்.

5

கடைசி நாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் வாழை கட்டியிருந்தது. அதிபர் அழைப்பிதழை நீட்டினார். பிரதம விருந்தினர் என்று கொட்டை எழுத்தில் என் பெயர், அதற்குக் கீழே போலந்து என்ற நாட்டின் பெயர். மேடையின் நடுவில் வெள்ளைத் துணி போர்த்திய பெரிய கதிரை.

"நான் மகளோட வாசிக்கப்போறன். எனக்குப் பாயில இடம் வேணும்," என்றேன்.

அதிபர் என்னைப் பார்த்தார். "பிரதம விருந்தினர் வாசிக்கிறதோ? உங்களைக் கூப்பிட்டுக் கீழ இருத்தி வாசிக்க விட்டால் சனம் எங்களையெல்லோ பேசும். எவ்வளவு தூரத்தில இருந்து வந்தனீங்கள். நீங்கள் கதிரையில இருங்கோ ரீச்சர்."

"சேர், அது முதலே கதைச்ச விஷயம்," என்று தவமலர் சொல்லிப் பார்த்தாள்.

"உரை இருக்கு, பொன்னாடை இருக்கு, சான்றிதழ் குடுக்கிறது இருக்கு. இவ எந்த நேரம் வாசிக்கிறது? ஆரணியோட நீங்கள் வாசியுங்கோவன்."

மரியாதையால் கட்டிப்போட்டால் அவிழ்க்க வழியில்லை. இதில் ஒருவரும் எனக்குச் சதி செய்யவில்லை. தவமலராவது செய்திருக்கக் கூடாதா என்று இருந்தது. வாசலில் இருந்து மேடை வரைக்கும் நாதஸ்வரத்தோடு கூட்டிப்போனார்கள். மாலை கழுத்தை இழுத்தது. விளக்கேற்றினேன். போலந்துக்கும் வன்னிக்கும் இடையிலான உறவைப் பற்றி நானே நம்பாத உரை ஒன்றை நிகழ்த்தினேன்.

பிறகு ஆரணியும் தவமலரும் பாயில் வந்து அமர்ந்தார்கள். ஆரணி யாரிடமோ இரவல் வாங்கிய பாவாடை தாவணியில் இருந்தாள். கதிரையில் இருந்து பார்க்க அவளுடைய உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது. அவள் மெட்டை எடுத்தாள், தவமலர் தாங்கினாள். அந்த நீட்டும் இடம் வந்ததும் மண்டபம் அடங்கியது. ஆரணி அதை நான் எதிர்பார்த்ததைவிட இன்னும் கொஞ்சம் நீட்டிவிட்டு, நிமிர்ந்து, சிரித்தாள். தவமலரைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் எவ்வளவு காலம் அந்தச் சிரிப்புக்குக் காத்திருந்தேன் என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது. சனம் கைதட்டியது. பிரதம விருந்தினரும் தட்டினார். என் கைகள் தட்டின, எனக்கு அழுகை வந்தது, மகளின் வாசிப்பில் தாய் உருகிவிட்டாள் என்று பக்கத்தில் இருந்த அதிபர் நினைத்துக்கொண்டு எனக்குச் சோடா உடைத்துத் தரச் சொன்னார்.

கடைசியில் சான்றிதழ் வழங்கினேன். என் மகளுக்கும் நான்தான் வழங்கினேன். அவள் கைகுலுக்கி "தாங்ஸ்" என்றாள். படம் எடுத்தார்கள். அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் அந்தப் படத்தை முதல் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

6

அறிக்கை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. உள்ளூர் ஆசிரியர்கள் தொடர்ந்து கற்பிக்கிறார்களா என்று கேட்டிருந்தார்கள். தவமலர் சனி காலைகளில் ஒட்டுசுட்டானுக்கும் கனகராயன்குளத்துக்கும் மாறி மாறிப் போய்ப் போலந்து மெட்டுகள் சொல்லிக்கொடுக்கிறாள். நான் போலந்து இசையைப் பரப்பியிருக்கிறேன் என்பதில் சந்தேகமில்லை. பரவியது எல்லாம் அவள் பெயரில் பரவுகிறது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை இங்கே மத்தியானம் என்றால் விசுவமடுவில் பின்னேரம். அந்த நேரத்தில் ஆரணி கதவைச் சாத்திக்கொண்டு கணினிக்கு முன்னால் நிற்பாள். வயலின் கேட்கும், தவமலரின் குரல் கேட்கும், சிரிப்புக் கேட்கும். நான் குசினியில் வெங்காயம் வெட்டுவேன். சில வேளை தேவைக்கு மேல் வெட்டிவிடுவேன். "மகள் வாசிக்கிறாள், அதுக்குச் சந்தோஷப்படன்," என்கிறார் கணவர். அவருக்கு என்ன, அவர் யாரையும் முந்த நினைத்ததில்லை.

ஹலினா என்னை மறித்த அந்தக் கிழமையின் சனிக்கிழமை, கதவு திறந்தது.

"அம்மா," என்றாள் ஆரணி, தமிழில். "இதுக்குப் பின்னால ஆராவது வாசிக்க வேணும். ரீச்சர் அங்க இருந்து வாசிச்சா சத்தம் பிந்தி வருது. அம்மாவைக் கூப்பிடு எண்டு அவ சொல்றா."

அதையும் தவமலர்தான் சொல்லியிருக்கிறாள். என் மகளுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு இடம், அவள் தந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் உன்னியது. கையைக் கழுவிக்கொண்டு போனேன்.

திரையில் தவமலர் இருந்தாள், பின்னால் மழைச் சத்தம். ஆரணி தொடங்கினாள். நான் அடியைப் போட்டேன்.

"அம்மா, நீங்கள் ஓடுறீங்கள்."

திரும்பத் தொடங்கினோம். நான் திரும்பவும் ஓடினேன். தவமலர் திரையில் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கிறாள் என்று நினைத்தேன். மூன்றாம் தரம், எழுதிய தாளில் இருந்து கண்ணை எடுத்து ஆரணியின் தோளைப் பார்த்தேன். அவள் மூச்செடுக்கிற சத்தம் கேட்டது. பிள்ளையாக என் நெஞ்சில் படுத்திருந்த காலத்துக்குப் பிறகு நான் அதைக் கேட்கவில்லை. நீட்டும் இடம் வந்தது. வில்லைக் கம்பியிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அவள் நீட்டினாள், நான் நின்றேன், அவள் இறங்கினாள், நானும் இறங்கினேன்.

அந்த இடத்தில் திரை உறைந்தது. தவமலரின் முகம் பாதிக் கண்ணோடு அப்படியே நின்று, பிறகு இருண்டது. வன்னியில் மழை பெய்தால் மின்சாரமும் போகும், இணையமும் போகும்.

ஆரணி வில்லைத் தாழ்த்தினாள். "ரீச்சர் போயிட்டா. அவ வரும் மட்டும் நிப்பாட்டுவமா?"

"இல்லை," என்றேன். "நீ வாசி."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு வயலினை உயர்த்தினாள். நான் அவளுடைய மூச்சுக்குக் காத்து நின்றேன். விசுவமடுவில் மழை விடக்கூடாது, அந்த மின்சாரம் இப்போதைக்குத் திரும்பி வரவே கூடாது என்று மனதார வேண்டிக்கொண்டேன்.